நுளம்பு கடிக்காத டெங்கு

போன செவ்வாய்க்கிழமை காலை, காலி வீதியில் உள்ள ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். சீனியும் கொழுப்பும் பார்ப்பதற்காக. என் வயதில் இது கோயிலுக்குப் போவதைப் போன்றது. அடிக்கடி போக வேண்டும். நல்ல செய்தி வருமென்று உத்தரவாதம் கிடையாது.

எனக்கு முன்னால் ஒரு பெண்மணி. கை நிறைய வளையல், முகம் நிறைய ஆரோக்கியம். கருமபீடத்தில் இருந்த பிள்ளையிடம் சொன்னார்: "அந்த டி-டைமரையும் போட்டு விடுங்கோ."

"டொக்டர் எழுதினவரா, அன்ரி?"

"இல்லை, சும்மாதான். எங்கட மச்சாள் எடுத்தவ. நானும் ஒண்டு எடுத்து வைப்பம் எண்டு."

எடுத்து வைப்பதற்கு அதென்ன, பாஸ்போர்ட் படமா?

கேட்கவில்லை. பொறுமைசாலி என்று பெயரெடுத்துவிட்டேன்; அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. ஆனால் ஊசி குத்துவதற்குக் கையை நீட்டியபோதும், வீடு திரும்பித் தேநீர் குடித்தபோதும் அந்தச் சொல் என்னோடு கூடவே வந்தது. டி-டைமர். அது என்னவென்று கேளாமலே அதை வாங்கிப் போகிற ஒரு நகரத்தில் நான் வாழ்கிறேன். அதே சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாசிக்கத் தெரியாமல், ஒரு மனிதரைக் கிட்டத்தட்டத் தொலைத்த ஒரு குடும்பத்தில்தான் நானும் இருக்கிறேன்.

கொழும்புத் தமிழருக்கு இரத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தியது டெங்கு. வெள்ளவத்தையில் மழை விட்டு ஒரு கிழமை போனால், எந்தத் தொடர்மாடியின் லிஃப்டில் ஏறினாலும் காதில் விழுவது இலக்கங்கள்தாம். "அவருக்கு எழுபதாம்." "எங்கட பிள்ளைக்கு நாப்பதுக்கு இறங்கிப் பிறகு ஏறினது." பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார்கள்; பின்னால் வரும் ஆயிரத்தை விழுங்கிவிட்டுப் பேசுவது எங்கள் வழக்கம். வெளியூரார் கேட்டால் பரீட்சைப் புள்ளி என்று நினைப்பார். அப்படி நினைப்பதிலும் பெரிய பிழையில்லை. ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது... இலக்கங்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த தத்துவம் அவ்வளவுதான். பப்பாசி இலையை இடித்துச் சாறெடுப்பது, இரத்தத்தை இளக்கும் மருந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதிருப்பது — இவையெல்லாம் எவரும் எழுதாத, எல்லோரும் பாடமாக்கிய பாடத்திட்டம்.

அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு நாங்கள் வேறொரு பரீட்சைக்குப் போனோம்.

தடுப்பூசியும் வந்துகொண்டிருந்தது, சாவுச் செய்தியும் வந்துகொண்டிருந்தது — அந்த மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊரடங்கு. ஒழுங்கை முனையில் மரக்கறி லொறியின் ஒலிபெருக்கி. அதற்கு அப்பால் கடல், யாரும் போகாத கடல்.

என் அக்கா புவனா, எனக்கு நேர்மேல் மாடியில் இருப்பவள். பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கட்டிடம் முழுவதற்கும் அவள் 'டீச்சர்'தான். அவளுடைய கணவர் சேவியர் அத்தான், கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் அலுவலகமொன்றில் கிளார்க்காக இருந்தவர். அக்கா ஒரு கத்தோலிக்கரை மணம் முடித்தபோது எங்கள் வீட்டுக் கதவு கொஞ்சக் காலம் சாத்தியே இருந்தது. அதைத் திறந்தவரும் அத்தான்தான். ஒரு நத்தாருக்குக் கேக் பெட்டியோடு வந்து, எவரும் வரவேற்காத விறாந்தையில் அமர்ந்து, அப்பா வாசித்து முடித்த பத்திரிகையை எடுத்து உரக்க வாசித்து, தலையங்கத்தைத் திட்டத் தொடங்கினார். அப்பாவுக்கும் அந்தத் தலையங்கம் பிடித்திருக்கவில்லை. அன்றிரவு சாப்பாட்டுக்கு ஒரு கோப்பை கூடுதலாக வைக்கப்பட்டது.

அத்தான் பேசுவார். பால்கனியில் நின்று கீழே என் பால்கனியைப் பார்த்து, "மச்சாள், இண்டைக்கு என்ன கறி? மணம் மட்டும் மேல வருது, சட்டி வருதில்லையே!" என்பார். மரக்கறி லொறிக்காரனோடு சிங்களத்தில் பகிடி விடுவார். பாத்திரம் கழுவும்போது பைலாப் பாட்டு. எங்கள் கட்டிடத்தில் எவருடைய வானொலியாவது பழுதானால், அதைத் திருத்தும் அவசரம் எவருக்கும் இருந்ததில்லை.

அவருக்குக் காய்ச்சல் வந்தது. குடும்ப டொக்டர் தன் டிஸ்பென்சரியில் வைத்துப் பரிசோதித்துவிட்டு, கொவிட் என்றார். வீட்டிலேயே இருக்கட்டும், விரலில் மாட்டும் கருவியால் ஒட்சிசனைப் பார்த்துக்கொண்டிருங்கள், இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "இஞ்ச பார், ஒருத்தருக்கும் வாய் விட்டிடாத. டெங்கு எண்டு சொல்லுவம்."

"ஏன் டெங்கு?"

"டெங்கு மரியாதையான வருத்தமடி."

நோய்களுக்குள்ளும் சாதி இருக்கிறது என்பதை அன்றுதான் நான் முறையாக அறிந்தேன். நுளம்பு யாரையும் கடிக்கும், கடிபட்டவர் நிரபராதி. கொவிட் என்றாலோ, விசாரணை. எங்கே போனாய், யாரோடு நின்றாய், முகக்கவசத்தை எங்கே கழற்றினாய், இப்போது யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாய்? அக்காவின் பயத்தில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முந்திய வருடம் எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு குடும்பத்தைத் தனிமைப்படுத்தலுக்குப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கைக்குழந்தையோடு ஏறிய அந்தத் தாயை மேல்மாடிகளில் நின்று படம் பிடித்தவர்கள் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டுடுத்திக் கோயிலுக்குப் போகிறார்கள். சாமி அவர்களைப் படம் பிடிப்பதில்லை என்ற தைரியம்.

ஆகவே, டெங்கு. கட்டிட நிர்வாகக் குழுவைப் பார்த்துக்கொள்பவர் கீழ்மாடி நஸீர் நானா. அவரிடம் அக்கா அதைத்தான் சொன்னாள். நல்ல மனிதர், பதறிப்போனார். மதியத்துக்குள் பப்பாசி இலைக் கட்டொன்று அக்காவின் வாசற்படியில் கிடந்தது. வெள்ளவத்தைக் கொங்கிரீட்டில் அவர் பப்பாசி மரத்தை எங்கே கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்காத அதிசயம்.

கொடுத்தனுப்பியதை வீணாக்கலாமா? அக்கா அதை இடித்துச் சாறெடுத்து அத்தானிடம் நீட்டினாள்.

"புவனா, இது எந்த வருத்தத்துக்கு?"

"கதையாமல் குடியுங்கோ."

குடித்தார், பாவம். கொவிட் நோயாளி டெங்கு மருந்து குடித்ததற்கு ஒரே காரணம், பொய்க்குச் சாட்சி தேவைப்பட்டது.

இரத்தம் எடுக்க வந்தவரின் பாடு இன்னும் மோசம். கட்டிட வாசலிலிருந்து அவர் தொலைபேசியில் அழைத்ததும் அக்கா சொன்னாள்: "தம்பி, அந்த வெள்ளை உடுப்பை வீட்டுக்குள்ள வந்து போடுங்கோ, என்ன?"

"அன்ரி, வீட்டுக்குள்ள வந்து போடுறதெண்டா நான் அதைப் போடவே தேவையில்லையே?"

"அப்ப லிஃப்டுக்குள்ள போடுங்கோ. இடையில ஒருத்தரும் ஏற மாட்டினம்."

அந்த மனிதர் மாடிகளுக்கு நடுவே லிஃப்டை நிறுத்தி உடை மாற்றினார். சுகாதாரப் பகுதியிலிருந்து விசாரித்து வந்த அழைப்புக்கு அக்கா குளியலறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பதில் சொன்னாள். உளவாளிகள்கூட இவ்வளவு சிரமப்படுவதில்லை.

முதல் அறிக்கை வந்தது. வந்த சூட்டோடு குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஏறியது. குழுவின் தலைமை நிபுணர், அத்தானின் தம்பி றெஜி. ரொறொன்ரோவில் வீடு விற்றுக் கொடுப்பவர். அந்த வருடம் மட்டும் இரத்தவியல் மருத்துவர்.

"அண்ணி, பிளேட்லெட் சூப்பர்!" குரற்பதிவில் உற்சாகம் பொங்கியது. "ரெண்டு லட்சத்துக்கு மேல நிக்குது. பயப்பிட ஒண்டும் இல்ல. அண்ணனுக்கு அந்தக் காலத்திலயே ஸ்ட்ரோங் உடம்பு!"

பிளேட்லெட் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது தண்ணீர்க் கட்டணம் ஒழுங்காகக் கட்டியிருப்பதைப் போல, நன்றாக இருந்தது.

அதே தாளில் வேறு இரண்டு வரிகள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஆய்வுகூடம் தடித்த எழுத்தில் குறியிட்டிருந்தது. ஒன்று சி.ஆர்.பி., மற்றது டி-டைமர். இந்த இரண்டைப் பற்றியும் அந்த நாட்களில் அகப்பட்டதையெல்லாம் நான் வாசித்தேன். புத்தகத்தைத் தவிர வேறு துணையில்லாதவளுக்குப் பயம் வந்தால் செய்யக்கூடியது அதுதான்.

சி.ஆர்.பி. என்பது, உடம்பில் எங்கேயாவது அழற்சி மூண்டால் ஈரல் உண்டாக்கி இரத்தத்தில் விடுகின்ற ஒரு புரதம். ஆபத்து மணியென்று வைத்துக்கொள்ளுங்கள். தீ எந்த அறையில் என்று மணி சொல்லாது. மணி விடாமல் அடித்தால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியது நாங்கள்.

டி-டைமரை விளங்கிக்கொள்ள, கொட்டாஞ்சேனையில் திருவிழா முடிந்த மறுநாட்காலையை நினையுங்கள். தெருவெங்கும் சிவப்புக் காகிதச் சிதறல். பட்டாசு வெடித்திருக்கிறது என்று தெரிகிறது. எந்த வாசலில் என்று தெரியாது. இரத்தம் உறைந்து, அந்தக் கட்டியை உடம்பு கரைக்கும்போது மிஞ்சுகிற சிதறல்தான் டி-டைமர். அது பல காரணங்களால் கூடும். முதுமையில் கூடும், கர்ப்பத்தில் கூடும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு கூடும். ஆகவே வளையல்காரப் பெண்மணி 'சும்மா எடுத்து வைக்கும்' இலக்கத்தால் அவருக்கு வரப்போவது தூக்கமின்மை மட்டும்தான். ஆனால் கொவிட் நெஞ்சுக்குள் இறங்கிய ஒருவரின் இரத்தத்தில், நேற்றைவிட இன்று அந்தச் சிதறல் அதிகம், மணியும் ஓயவில்லை என்றால்... உள்ளே வெடி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்த அறிக்கையில் இரண்டும் ஏறியிருந்தன. குழுவிலே யாரோ ஓர் உறவினர், "எல்லாம் ஏறியிருக்கு, ஆண்டவருக்கு நன்றி" என்று கைகூப்பும் படமொன்று போட்டார். அதற்குக் கீழே பதினேழு பூங்கொத்துகள்.

மேலே பைலா நின்றுபோயிருந்தது. பால்கனியில் கறி விசாரிப்பும் இல்லை. என் கூரைக்கு மேலே ஒரு மனிதர் அமைதியாகிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது அறிக்கை வந்த மறுநாள் காலை நான் இரட்டை முகக்கவசத்தோடு அக்காவின் வாசலில் நின்றபோது டொக்டர் அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீச்சர், ரெண்டு றிப்போட்டையும் வச்சுப் பாத்தன். டி-டைமர் நல்லா ஏறியிருக்கு. இரத்தம் உள்ளுக்க உறையிற ஆபத்து இருக்கு. இண்டைக்கே ஆஸ்பத்திரி வோட்டில சேர்த்து, இரத்தத்தை இளக்கிற ஊசி போடத் தொடங்கவேணும்."

"இளக்கிறதோ?" அக்கா திடுக்கிட்டாள். "ஐயோ டொக்டர், பிறகு உள்ளுக்க இரத்தம் ஊத்தத் தொடங்கினா?"

"அந்தப் பயம் டெங்குவுக்கு, டீச்சர். இவருக்கு டெங்கு இல்லை. உங்களுக்குத் தெரியுந்தானே?"

அக்கா தொலைபேசியை மறுகைக்கு மாற்றிப் பிடித்தாள்.

"ஓம்..." என்றாள் பிறகு. "தெரியும்."

அந்த 'ஓம்' வருவதற்குப் பிடித்த நேரத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. ஊருக்குச் சொன்ன பொய்யை அவள் தானே நம்பத் தொடங்கியிருந்தாள். பப்பாசிச் சாறு கொடுத்தாள், பிளேட்லெட்டைப் பார்த்து நிம்மதி கொண்டாள், இப்போது டெங்குவின் பயத்தையும் பயப்படுகிறாள். கொவிட் என்ற சொல்லைப் பதினைந்து நாள் வாய்க்குள் பூட்டி வைத்தால், அது மூளையிலிருந்தும் போய்விடும் போலும்.

"பையை அடுக்கு அக்கா."

"நாளைக்குப் பாப்பம். றெஜியும் பயமில்லை எண்டுதானே சொல்லுறான்."

"றெஜி வீடு விக்கிறவன்."

"நீ மட்டும் டொக்டரோ? நாலு புத்தகம் வாசிச்சா காணுமோ?"

"அக்கா, டொக்டரே சொல்லுறார்!"

அவள் குரலைத் தணித்தாள். "அம்புலன்ஸ் வந்து வாசல்ல நிக்கும். அந்த வெள்ளை உடுப்போட இறங்குவாங்கள். இவரைத் தூக்கிக்கொண்டு போறதைப் படம் பிடிப்பினம். நான் இந்தச் சனத்துக்கு முன்னால எப்பிடியடி பிறகு நடக்கிறது?"

கதவிடுக்கால் அத்தானைப் பார்த்தேன். கட்டிலின் ஓரத்தில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்தபடி அமர்ந்திருந்தார். மூச்சை வாங்குவதும் விடுவதும் மட்டுமே அவருடைய முழுநேர வேலையாகியிருந்தது. என்னைக் கண்டதும் ஒரு கையை உயர்த்தினார். "மச்..." என்றார். 'சாள்' வரவில்லை. அதற்கு மூச்சுப் போதவில்லை.

படியிறங்கினேன். அக்காவின் சம்மதம் இனித் தேவையில்லை என்று முடிவுசெய்து, வீட்டிலிருந்து அம்புலன்சுக்கு அழைத்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். அந்த நாட்களில் அந்த எண்ணுக்கு முழு நாடுமே அழைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். மோட்டார் சைக்கிளொன்று படியேறி வருவதைப் போல. கூடவே டீசல் மணம்.

கதவைத் திறந்தேன். படிக்கட்டு முழுவதும் வெண்புகை. நுளம்புக்குப் புகையடிக்கும் ஆட்கள்! கீழே நின்று நஸீர் நானா பெருமிதத்தோடு கையசைத்தார்.

"தங்கச்சி, நான்தான் கோல் எடுத்த! டீச்சர்ட வூட்டுல டெங்கு எண்டு சொன்ன ஒடனே வந்துட்டாங்க. மொதல்ல அவங்கட மாடிதான்!"

நல்ல மனதுக்கு இவ்வளவு வேகம் இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. முகக்கவசத்துக்கு மேல் சேலைத் தலைப்பையும் பொத்திக்கொண்டு மேலே ஓடினேன். ஓடினேன் என்பது என் முழங்கால்கள் மறுக்கக்கூடிய கூற்று.

அக்கா தன் கதவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். எதிரே புகை இயந்திரத்தைத் தோளில் மாட்டிய ஒருவர். பக்கத்தில் அவருடைய மேற்பார்வையாளர், சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுபவர்.

"நோனா, டெங்கு ஆள் இருக்கிற வீடுதானே மொதல்ல அடிக்க ஓணும்? பயப்பட வேணாம். ஜன்னலை மட்டும் தொறந்து வைங்க."

"இஞ்ச வேண்டாம். அவருக்கு... அவருக்கு ஆஸ்துமா."

டெங்குவைக் காப்பாற்ற இன்னொரு நோய். அந்த நேரத்திலும்!

"அப்ப அவரைக் கொஞ்சம் வெளிய கூட்டிக்கொண்டு வாங்க நோனா. அடிச்சிட்டு உடனே போயிருவோம்."

கதவின் அடியால் புகை உள்ளே போய்க்கொண்டிருந்தது. உள்ளே அத்தான் இருமத் தொடங்கினார். இருமல் என்றால் நாங்கள் எல்லோரும் இருமுகிற இருமல் இல்லை. ஒன்று முடியுமுன் அடுத்தது, அடுத்தது முடியுமுன் இன்னொன்று. நடுவில் மூச்சு எடுப்பதற்கு இடமே இல்லாத இருமல். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேல்மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன.

அக்கா அந்தத் தலைகளைப் பார்த்தாள். மூடிய கதவைப் பார்த்தாள்.

பிறகு, ஆண்டாண்டுகளாக வகுப்புகளை அடக்கிய அந்தக் குரல் வெளியே வந்தது.

"நிப்பாட்டுங்கோ! அவருக்கு டெங்கு இல்லை. கொவிட்! மஹத்தயா, டெங்கு நெவெய், கொவிட்! எல்லாருக்கும் கேட்டுதோ? கொவிட்!"

தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிவிட்டாள். இயந்திரம் நின்றது. அது நின்ற பிறகுதான் அவள் குரல் எவ்வளவு உயரத்தில் இருந்ததென்று தெரிந்தது. புகையடிக்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். மேற்பார்வையாளர் முகக்கவசத்தைச் சரிசெய்தபடி தன் ஆளிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லி, படிக்கட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். யாருடைய கையிலும் தொலைபேசி உயரவில்லை. சுவரில் சாய்ந்து நின்ற அக்கா, படம் பிடிப்பார்கள் என்றுதான் காத்திருந்தாள். என் கண்ணால் கண்டேன்.

நஸீர் நானா மட்டும் பின்வாங்காமல் மேலே ஏறி வந்தார்.

"டீச்சர்..." தொண்டையைச் செருமினார். "எங்கட வூட்டுல போன மாசம் டெங்கு எண்டு சொன்ன தானே? அதுவும் இந்த டெங்குதான்."

எதிர்வீட்டுப் பெண்மணி தன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், சக்கரம் வைத்த இயந்திரமொன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"எங்கட இவருக்கு எடுத்தது. ஒக்சிசன் மெசின். இப்ப சும்மாதான் கிடக்குது, டீச்சர். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் வைச்சிருங்கோ."

சும்மாதான் கிடக்கிறது! அத்தான் மூச்சுக்கு மல்லாடிய கட்டிலுக்கும் அந்த இயந்திரத்துக்கும் நடுவில் இருந்தவை இரண்டு கதவுகளும் ஒரு திரைச்சேலையும்தாம். எங்கள் கட்டிடத்தில் அந்தப் பருவத்தில் டெங்கு வந்த வீடுகள் பல. நுளம்பு கடித்த ஆள் ஒருவருமில்லை. எந்த ஆஸ்பத்திரியில் இடமிருக்கிறது, எந்த நேரத்தில் மூச்சைக் கவனிக்க வேண்டும், ஊசி எப்போது போட்டார்கள் — எல்லாம் அனுபவித்து அறிந்தவர்கள் சுற்றிவர இருந்தார்கள். நாங்களோ பப்பாசி இலையைப் பரிமாறிக்கொண்டிருந்தோம். மானத்துக்குப் பயந்து வாயை மூடியவர்கள், ஒருவருக்கொருவர் பயந்தே மூடியிருந்தோம். இதைவிடக் கச்சிதமான முட்டாள்தனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை.

"எனக்கு வந்து போய்ட்டு. நான் அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்," என்றார் நஸீர் நானா. அம்புலன்ஸ் இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை. அவருடைய வேனின் ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, பின் ஆசனத்தில் அத்தானை அக்கா தாங்கிப் பிடித்திருக்க, ஊரடங்கின் வெறுந்தெருக்களால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அனுமதிக்கும் இடத்தில் தாதி தூரத்தில் நின்று, "என்ன வருத்தம்?" என்று கேட்டபோது அக்கா தயங்கவில்லையாம். இரண்டு அறிக்கைகளையும் நீட்டினாளாம். வோட்டு டொக்டர் பிளேட்லெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே டி-டைமரில் விரலை வைத்தாராம். அன்றே வயிற்றில் முதல் ஊசி. அடுத்த நாள் எடுத்த ஸ்கேனில் நுரையீரலின் இரத்தக்குழாயொன்றில் சிறிய கட்டி தெரிந்தது.

"இன்னும் பிந்தியிருந்தா..." என்று தொடங்கிய அந்த டொக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.

றெஜி அன்றும் குழுவில் கேட்டிருந்தார்: "ஊசிக்குப் பிறகு பிளேட்லெட் எவ்வளவு, அண்ணி?" அக்கா பதில் எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினாள். அவள் தன் வாழ்நாளில் செய்த துணிச்சலான காரியங்களில் கொட்டாஞ்சேனைக் கலியாணத்தை உறவினர் மன்னித்துவிட்டார்கள். படிக்கட்டில் கத்தியதையும் மன்னித்துவிட்டார்கள். குழுவை விட்டுப் போனதை இன்னும் இல்லை.

அத்தான் மெலிந்து திரும்பி வந்தார். கொஞ்ச நாள் பேச்சைத் தவணை முறையில் பேசினார். ஒரு பகிடிக்கு இரண்டு மூச்சு. பால்கனியில் முதன்முதல் வந்து நின்ற மாலையில், கீழே என்னைக் கண்டு, நின்று நிதானித்து, "மச்சாள்..." என்றார். முழுச் சொல். கறி என்னவென்று அவர் கேட்கும்வரை என்னால் தலை நிமிர்த்த முடியவில்லை. பிறகு சட்டியோடு மேலே போனேன்.

"பாவம் அந்த நுளம்புகள்," என்றார் அத்தான், கறியைக் கிண்டியபடி. "செய்யாத குற்றத்துக்குப் புகை வாங்கினதுகள்."

இலக்கங்களின்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கதையில் உண்மையைச் சொன்னது இரத்தம் மட்டும்தான். சனம் என்ன சொல்லும் என்று டி-டைமருக்குத் தெரியாது. அதனால்தான் அது உள்ளதைச் சொல்லிவிட்டது. படித்த நாங்கள்தாம் எல்லா வரிகளையும் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்குப் பிடித்த ஒரு வரியை மட்டும் வாசித்தோம்.

இப்போது கொவிட் என்ற சொல் எல்லோர் வாயிலும் சரளமாக வருகிறது. "எனக்கு ரெண்டு தரம் வந்தது" என்று கலியாண வீட்டில் போட்டி போட்டுச் சொல்கிறார்கள். வெட்கம் தீர்ந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் தொடர்மாடியிலும் இன்று ஒருவருக்கு 'காஸ்ரிக்' என்ற வயிற்றெரிவு இருக்கும், மாதக்கணக்கில் தலைமுடி கொட்டுகிற காஸ்ரிக். ஒருவருடைய பிள்ளை 'படிக்கிறதுக்காக' அறைக்குள்ளேயே இருக்கும். அவர்களுக்கு வேண்டியது எதிர்வீட்டுத் திரைச்சேலைக்குப் பின்னால் சும்மா கிடக்கலாம்.

இதையெல்லாம் எழுதலாமா என்று நேற்று மேலே போய் அக்காவிடம் கேட்டேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எழுதன். எங்கட பேரைப் போட்டாலும் பரவாயில்லை," என்றாள். "வருத்தத்தின்ர பேரை மட்டும் மாத்தி விடு."